சிவப்பு லைட்டின் மேல் ஒட்டிய பொட்டு

என் மாமாவுக்கு,

காரின் முன்சீட்டில் ஏறியதும் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி, வண்டியின் கத்தலை ஏமாற்றிய மனிதருக்கு,

உங்கள் மருமகள் எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை நமக்குள் கடிதம் தேவைப்பட்டதில்லை. அடுக்களையிலிருந்து நான் ஒரு சத்தம் கொடுத்தால், முன்னறையிலிருந்து நீங்கள் இரண்டு சத்தம் கொடுப்பீர்கள். இப்போது நான்தான் கத்திக்கொண்டிருக்கிறேன், பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். பக்கத்தில் நின்று யாராவது வாசித்தால் வாசிக்கட்டும். உங்களுக்குத்தான் ஆள் கூட்டம் பிடிக்குமே.

முதலில் வண்டிச் செய்தி. அந்த லைட் அணைந்துவிட்டது மாமா. இன்ஜின் சூடேறாமல் காக்கிற தண்ணீர் குறைந்தால் எரியுமே, அந்தச் சிவப்பு லைட்தான். அது ஏன் எரிந்தது என்பதும் தெரிந்துவிட்டது. உங்களுக்கு முன்பே தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது. அதைப் பற்றித்தான் உங்களோடு சண்டை போட வந்திருக்கிறேன்.

அத்தை போன பிறகு, உங்கள் பிள்ளை மஸ்கட்டில் வேலைக்குப் போன பிறகு, பாளையங்கோட்டை வீட்டில் நாம் இரண்டு பேர்தான். நான் கார் ஓட்டுவேன், நீங்கள் வழி சொல்வீர்கள். எனக்குத் தெரிந்த வழியைத்தான் சொல்வீர்கள், இருந்தாலும் சொல்வீர்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நாங்குநேரி, வள்ளியூர் வழியாக ராதாபுரத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவைப் பார்க்கப் போவோம்.

ராதாபுரத்து வீட்டுக் கிணறு உப்பு. பருப்பு வேகாது, டீ திரிந்தது போல இருக்கும். குழாய்த் தண்ணீர் நினைத்தால் வரும். அம்மாவுக்குக் கல்லடைப்பு வந்தபோது டாக்டர் நல்ல தண்ணீராகக் குடிக்கச் சொன்னார். காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற பிறவி இல்லை அவள். அதனால் நம் வீட்டுக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரை இரண்டு பெரிய கேனில் பிடித்து டிக்கியில் வைப்போம். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று வண்டிக்கு.

அந்த ஒரு கேனை வாங்குவதற்கே அம்மா மூக்கால் அழுவாள். பெண் கொடுத்த வீட்டிலிருந்து கை நீட்டி வாங்குவதா? கேனை வெறுமனே திருப்பித் தரமாட்டாள். நாலு முருங்கைக்காயோ, இரண்டு சில்லுக் கருப்பட்டியோ கூட வரும். வண்டிக்கான கேன் மட்டும் காலியாகத் திரும்பும். வண்டி பதிலுக்கு என்ன கொடுக்கப்போகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

வண்டிக்கு எதற்குக் கேன்? ஒருமுறை வள்ளியூர் தாண்டியதும் அந்த லைட் முதல்தடவையாக எரிந்ததே, நினைவிருக்கிறதா? ரப்பர் குழாயில் ஓட்டை. அங்கே மெக்கானிக் குழாயை மாற்றிவிட்டு உங்களிடம் சொன்னார். “அய்யா, கூலண்ட் வாங்கி ஊத்துங்க. அவசரத்துக்கு நல்ல தண்ணி ஊத்தலாம். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணிய மட்டும் ஊத்திராதீங்க, உள்ள பொரிஞ்சு போவும்.”

நீங்கள் விடுவீர்களா? தாமிரபரணிக் கரையில், முக்கூடலில் பிறந்தவர். “எங்க வண்டி ஆத்துத் தண்ணி குடிக்கும்வே,” என்றீர்கள். என் பக்கம் திரும்பி, “நமக்கு ஒத்துக்கிடுத தண்ணி வண்டிக்கு ஒத்துக்கிடாதாம்மா?” என்று ஒரு கேள்வி வேறு. அன்றைக்குத் தொடங்கியது வண்டியின் கேன். ராதாபுரம் போனதும் பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுவது உங்கள் வேலை.

சில மாதங்களில் லைட் மறுபடி எரிந்தது. பானட்டைத் திறந்து பார்த்தால் கூலண்ட் தொட்டி நிறைய தண்ணீர் இருக்கிறது. லைட் மட்டும் தண்ணீர் இல்லை என்று சாதிக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டுவோம் என்று நான் சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு வேலை வந்துவிடும். “லைட்டுதான் கெட்டுப்போச்சும்மா. வண்டி நல்லாத்தானே ஓடுது?” பிறகு ஒருநாள் என் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து வந்து, சரியாக லைட்டின் மேல் ஒட்டினீர்கள். “இப்பத்தான் வண்டி லச்சணமா இருக்கு.” நானும் சிரித்தேன். பொட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு கசிந்துகொண்டே இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் அது கசிந்தது. காய்ச்சல் என்றுதான் கிளம்பினோம். பாதி வழியில் உங்களுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. என் கண் அந்தச் சிவப்பின் மேலேயே போனது. “லைட்டப் பாக்காத. ரோட்டப் பாரு. பைய போம்மா,” என்றீர்கள். அதற்குப் பிறகு என்னிடம் நீங்கள் எதுவும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடி மாட்டிவிட்டார்கள், கையை மட்டும் அசைத்தீர்கள். அது போ என்றா, இரு என்றா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மாமனார் சாவில் மருமகளுக்கு என்ன வேலை என்பது உங்களுக்குத் தெரியும். வந்தவர்களெல்லாம் உங்கள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னிடம் சர்க்கரை இல்லாத காப்பி கேட்டார்கள். குற்றமாகச் சொல்லவில்லை, அதுதானே வழக்கம். ஆனால் முக்கூடலில் உங்கள் அஸ்தியை ஆற்றில் கரைத்தபோது நான் வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். குழாயைத் திறந்தால் வருவதும் அதே ஆறுதானே மாமா? கைகழுவக் கூசியது. இதை யாரிடம் சொல்வது?

காரியமெல்லாம் முடிந்து மஸ்கட் திரும்பியதும் உங்கள் பிள்ளை போனில் சொன்னார். “கோமதி, அந்த வண்டிய வித்துருவோம். அப்பா இருந்தாவ, சரி. நீ ஒத்தையில போய் நடுரோட்டுல நின்னுட்டா யாரு இருக்கா?” அவர் சொன்னதில் தப்பில்லை. பயம்தான். எனக்கும் இருந்தது. ஆனால் வண்டி போனால் ராதாபுரம் போகிற வழி போய்விடும். இரண்டு பஸ் மாறி, அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவேன்?

அதற்காகவே ஒரு சனிக்கிழமை கேன்களோடு தனியாகக் கிளம்பினேன். நாங்குநேரி வரை போனேன். பொட்டின் ஓரத்தில் சிவப்பு. பக்கத்து சீட்டில், அது சும்மா எரிகிறது என்று சொல்ல ஆள் இல்லை. நீங்கள் சொன்னபோது நம்பியது லைட்டை இல்லை, உங்களை என்று அப்போது புரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் போனில் ஏதோ சாக்குச் சொன்னேன். “தண்ணியெல்லாம் கெடக்கு. நீ பதறாத,” என்றாள். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “அந்தப் பழைய வலிதான். சும்மா வந்துட்டுப் போவுது,” என்றாள். எரிகிற எல்லாவற்றையும் சும்மா என்று சொல்கிறவர்களாகப் பார்த்து ஆண்டவன் எனக்குக் கொடுத்திருக்கிறான். மறுநாளே வண்டியை வண்ணார்பேட்டையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக் பெயர் சுடலை. கூலண்ட் தொட்டியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தார், உள்ளே டார்ச் அடித்தார். “எக்கா, இங்கன பாருங்க. தண்ணி ஏறுனா உள்ள ஒரு மெதவை மேல வரணும். வந்தாத்தான் லைட் அணையும். இது அடியிலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. என்ன தண்ணி ஊத்துனிய?”

“ஆத்துத் தண்ணி,” என்றேன், உங்கள் பெருமையோடு.

அவர் என் முகத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மிதவையைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்து, கெட்டியாக, நகத்தால் சுரண்டினாலும் பெயராமல் ஒன்று இருந்தது. எனக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை மாமா. எங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் வெந்திருக்கிறது. அது ராதாபுரம். அது எங்கள் கிணறு. தாமிரபரணி எத்தனை வருசம் கொதித்தாலும் அப்படிப் பொரியாது.

அப்படியென்றால் நீங்கள் ஊற்றியது எந்தத் தண்ணீர்? வண்டியின் கேன் எங்கே போனது?

சுடலை ரேடியேட்டரை அலசி, தொட்டியும் மிதவையும் புதிதாக மாட்டி, பச்சைக் கூலண்டை ஊற்றினார். வண்டியைக் கிளப்பினேன். பொட்டைச் சுற்றிச் சிவப்பு இல்லை. எத்தனையோ நாள் எரிச்சலூட்டிய லைட், அணைந்ததும் எனக்கு அழுகை முட்டியது. நீங்கள் வண்டியிலிருந்து இறங்கிப் போனது போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கிளம்பினேன். டிக்கியில் உங்கள் பிள்ளை விட்டுப்போன பெட்டி இருந்ததால் ஒரு கேனை உங்கள் சீட்டில் வைத்தேன். உடனே வண்டி கத்த ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் கேனுக்குப் பெல்ட் போட்டேன். நீங்கள் ஒருநாளும் போடாத பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கேன் மரியாதையாக ராதாபுரம் வந்தது.

அம்மாவிடம் கேட்டேன். முதலில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

“நீ கடைக்கு மாத்திரை வாங்கப் போவல்லா, அப்பத்தான். ‘தங்கச்சி, இந்தக் கேனையும் வச்சிக்கிடு’ன்னாவ. நான் மாட்டேன்னுட்டேன். பொண்ணு குடுத்த வீட்டுல சும்மா வாங்குவாளா ஒருத்தி? கோடையில முருங்கையும் காய்க்கல, குடுக்கதுக்கு என்ன இருக்கு எங்கிட்ட? அதுக்கு அவுக சொன்னாவ, ‘சும்மா வேண்டாம். நான் ஒரு கேன் தாரேன், நீ வண்டிக்கு ஒரு கொடம் தா. பதிலுக்குப் பதில். கொண்டு குடுக்கல்தான்’னு. அப்படின்னா சரின்னேன். நான் கெணத்துல கோருவேன், அவுக ஊத்துவாவ. ஒங்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுட்டாவ.”

பிறகு தலையைத் தூக்கி, “ஏட்டி, நம்ம தண்ணி வண்டிக்கு ஒத்துக்கிட்டுல்லா?” என்று கேட்டாள்.

வள்ளியூர் மெக்கானிக் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. பொரியும் என்று தெரிந்தேதான் ஊற்றினீர்கள். என் அம்மா ஒரு கேன் நல்ல தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும், அதையும் தலை நிமிர்ந்து வாங்க வேண்டும் என்பதற்காக உங்கள் சொந்த வண்டிக்கு உப்பைப் புகட்டினீர்கள். நான் பட்டறைக்குப் போனால் குட்டு உடையும். அதனால்தான் பொட்டு. அதனால்தான் மூச்சு இழுக்கும்போதுகூட ‘லைட்டப் பாக்காத’. அப்படித்தானே? இல்லை, நிஜமாகவே ரோட்டைத்தான் பார்க்கச் சொன்னீர்களா?

எனக்குக் கோபம் மாமா. இவ்வளவு நல்லவராக இருந்துவிட்டு, அதை என்னிடம் சொல்லாமலே போனதற்குக் கோபம். தெரிந்திருந்தால் ஒருதடவையாவது உங்கள் காலைத் தொட்டிருப்பேன். நீங்கள் ‘சீ, போ’ என்றிருப்பீர்கள். அந்த ‘சீ, போ’ எனக்குக் கிடைக்காமல் போய்விட்டதே.

“ஒத்துக்கிட்டும்மா,” என்றேன்.

உங்கள் பிள்ளையிடம் அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன். “வண்டி நிக்கட்டும் கோமதி,” என்றார். அவ்வளவுதான். விற்கிற பேச்சு இனி இல்லை.

கிளம்பும்போது பார்த்தால், வண்டி நிற்கிற இடத்தில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம். அம்மா ஏற்கெனவே கிணற்றில் கோரி, நிறைய வைத்திருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள். “ஊத்து. அவுக இல்லேன்னா மொறை இல்லாமப் போயிருமா?”

வேண்டாம் என்றால் அவளும் கேனை வேண்டாம் என்பாள். இது உங்களுக்குத் தெரிந்த கணக்கு. நான் பானட்டைத் தூக்கி நிறுத்தினேன். அதன் பின்னால் நின்றால் வாசலில் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது என்று அப்போதுதான் கண்டேன். எத்தனை சனிக்கிழமை நீங்கள் அங்கே நின்றிருப்பீர்கள்! குடத்தைப் பைய சரித்து, முருங்கை மரத்து மூட்டில், வேருக்கு விட்டேன். அங்கே நின்றுதான் அழுதேன் மாமா. உங்கள் சாவுக்கு நான் அழுத முதல் அழுகை அது. காப்பி கேட்க யாரும் இல்லை.

“வண்டி குடிச்சிட்டா?” என்று அம்மா கேட்டாள்.

“குடிச்சிட்டும்மா.”

இதை வாசிக்கிற யாராவது ராதாபுரம் பக்கம் போனால் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்கு அவளுக்குக் கண் தெரியாது, அவளாகக் கண்டுபிடிக்கமாட்டாள்.

பொட்டை லைட்டிலிருந்து எடுத்துவிட்டேன். உங்கள் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். இனி அந்த லைட் எரிந்தால் நிறுத்திப் பார்ப்பேன், சும்மா என்று சொல்லமாட்டேன். அம்மாவின் வலிக்கும் அதே சட்டம்தான். வரும் வாரம் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், கத்தினாலும் விடமாட்டேன். அவள் இருக்கும்வரை இரண்டு கேனும் போகும். அவள் தருகிற குடத்தை, ஒரு சொட்டு மிச்சமில்லாமல், பதிலுக்கு வாங்கிக்கொள்வேன்.

பானட்டுக்குப் பின்னால் உங்கள் இடத்தில் நிற்கிற,
உங்கள் மருமகள்,
கோமதி