புனல்வாயில் சபையை ஊராரே தேர்க

நன்று விளைக. வெண்ணாவி ஆறு வளஞ்செய்யும் செங்கரை நாட்டுக் கோ நெடுவேள் அதியரையன், மருதவேலிக் கூற்றத்து அதிகாரி கோவன் சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. நும் கூற்றத்து ஏரிகள் நிறைக. குடிகள் அச்சமின்றி உறங்குக.

ஊர்ப்பூசல் ஓயட்டுமென்று, புனல்வாயிலார் தம் சபையைத் தாமே தேரும் வழக்கத்தை நிறுத்திப் பெருநிலத்தார் ஐவரை யாமே அமர்த்தியதை நீவிர் அறிவீர். பூசல் ஓய்ந்தது, அதை அமைதியென்று எண்ணி மகிழ்ந்தோம்.

சென்ற மழையில் அவ்வைவரும் தம் வயல்களைக் காக்க மேலை மதகை அடைத்து, வெள்ளத்தைக் குயவர் குடியிருப்பின் பக்கம் திருப்பத் துணிந்தனர். அது கேட்ட குயமகள் நக்கை, தடுத்துச் சொல்லச் சபைக்கு ஓடினாள். நிலமில்லார்க்கு அங்கே சொல்லுரிமை இல்லையென்று எம் காவலர் வாயிலிலேயே மறித்தனர். அன்றே வெள்ளம் புகுந்தது. நடக்கவியலாதோரைத் தூக்கிக் கரைசேர்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் கொற்றனை ஆறு கொண்டுபோயிற்று.

யாம் நேரில் சென்றோம். எவரும் எம்மைப் பழிக்கவில்லை. பழித்திருந்தால் அங்கே நிற்பது எளிதாயிருந்திருக்கும். இடிந்த சூளையருகே நின்ற நக்கையிடம், அவளையே சபையில் அமர்த்துவதாகச் சொன்னோம். பெரும் நீதி செய்துவிட்டதாக அக்கணம் எம் நெஞ்சு நிமிர்ந்ததை மறைப்பதற்கில்லை. அவள் மறுமொழியை அவள் சொன்னவாறே பொறிக்கின்றோம்:

“நீங்க குடுத்தா நீங்களே எடுத்துக்குவீங்க, சாமி. ஊரு சொல்லட்டும், உக்காருறேன்.”

தலைகவிழ்ந்து மீண்டோம். கொற்றன் மாண்டது எம்மால். அதற்குக் கழுவாய் தேடிப்போன இடத்திலும் அதே பிழையை மறுபடி செய்ய முனைந்தோமே என்னும் நாணம் இன்னும் எம்மை விடவில்லை.

ஆதலின் ஆணையிடுகின்றோம். ஐவரும் இன்றே விலகுக. நிலமுள்ளாரும் இல்லாரும், ஆடவரும் பெண்டிரும், தாம் வேண்டுவோர் பெயரை ஓலையிலிட்டுக் குடத்தில் சேர்க்க. எழுத்தறியாதார் தாம் நம்பும் ஒருவரைக் கொண்டு எழுதிக்கொள்க. அது முடியுமளவும் நீவிரும் எம் காவலரும் ஊரெல்லைக்கு அப்பால் நிற்க. இனி மதகைத் திறப்பதும் அடைப்பதும் அச்சபையின் பொறுப்பு. அது கூடுமிடத்தில் எவரையும் மறிக்கலாகாது. நக்கையைத் தேருமாறு குறிப்பாலும் எவர்க்கும் உணர்த்தற்க; அவள் தேறினும் தோற்பினும் அது ஊரின் சொல்.

நாரை முத்திரையிட்டு விடுத்தோம். தேரப்பெற்றோர் பெயர்களை எம் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டா. அவ்வொப்புதல் எமக்கு உரியதன்று.