தொட்டித் தண்ணீரில் பிறந்தவள்

அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. மேலே உன்னோடு இருக்கிறவர்களிடம்கூட. நைனாவுக்குத் தெரிந்தால் அழுதுவிடுவார்.

என் தலையணைக்கடியிலிருந்து அந்துருண்டை வாசனை வருகிறது. நீ பெட்டியில் வைத்திருந்த என் ஞானஸ்நானச் சட்டை. உன்னை அடக்கம் செய்த பிறகு எண்ணூரிலிருந்து ஒருவர் வந்து, "எந்தங்கச்சி பெத்த பொண்ணு, நாங்க இட்டுகினு போறோம்" என்றார். கோர்ட்டுக்கும் போய்விட்டார். நாளைக்கு விசாரணை.

என்னைப் பெற்றவள் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்துக் கட்டிலில் இறந்ததையும், உன் குழந்தை தங்காததையும் நீ என்னிடம் மறைத்ததில்லை. துணி அலசிக்கொண்டே சொன்னாய். நான் அழுததும் ஈரக் கையால் என் மூக்கைத் துடைத்தாய். "வயித்துல பொறந்தா இன்னா, கோயில் தொட்டித் தண்ணில பொறந்தா இன்னா? அன்னிக்கே நீ எம்பொண்ணு ஆய்ட்ட." நான் நம்பினேன். நைனாவும் நம்பினார்.

அதனால்தான் போன வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு போய், இந்தச் சட்டையை வக்கீலின் மேசைமேல் விரித்தார்.

"என்னய்யா இது?"

"இத்தப் போட்டுத்தான் சார் சாமியாரு தண்ணி ஊத்தி, எங்க புள்ளைன்னு பேர் வெச்சாரு. ராயபுரமே பாத்துச்சு. இன்னும் இன்னா வோணும்?"

"கோயில்ல உங்க பொண்ணு. சட்டத்துல இல்ல. எண்பத்தஞ்சு வந்தும் தத்தெடுக்கிற சட்டம் இந்துக்களுக்குத்தான். கிறிஸ்தவங்க கார்டியனாகத்தான் கேட்கலாம். ஜட்ஜ் சம்மதிச்சா, அவளுக்குப் பதினெட்டு வயசாகிற வரைக்கும்."

"அப்பால?"

"அப்பால அவ மேஜர். கார்டியன் தேவையில்ல."

பஸ்ஸில் நைனா, "அப்பால நா உனுக்கு யாரு பாப்பா?" என்று என்னையே கேட்டார்.

எதிர்வீட்டுக் கோமதியை, அவளைப் பெற்ற அம்மாவே எடுத்துச் சித்தி கையில் தத்துக் கொடுத்தார்; அவர்கள் இந்துக்கள். சட்டம் ஒப்புக்கொண்டதாம். என்னையும் சாமியார் உன் கையில்தானே கொடுத்தார்? ஒரே தெருவில் இரண்டு சட்டமா?

யாரிடம் இருக்க ஆசை என்று ஜட்ஜ் என்னைக் கேட்பாராம். "நைனாகிட்ட" என்றால், "அவர் உன் நைனா இல்லை" என்பாரோ? நைனா என்னாமல் அவர் பெயரைச் சொன்னால் நானே அவரை விட்டுக்கொடுத்ததாக ஆகாதா? எண்ணூர்க்காரருக்கு என் மூக்கு. அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஜட்ஜும் பார்ப்பார்.

அந்த மூக்கின்மேல் உன் ஈரக் கை இன்னும் இருக்கிறது. அதை எந்தச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது? ஆனாலும் நாளைக்கு ஜட்ஜ் கேட்டால் நான் சொல்லப்போவது

நைனா கதவைத் தட்டுகிறார். "பாப்பா, அந்தச் சட்ட உன்னாண்டயா கீது? எட்த்து வெய்யி. நாளிக்கி ஜட்ஜாண்ட காட்டணும்."

இதோ நைனா