சோப்பு, வழக்கம்போல

மார்ச் 3
ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கொலஸ்ட்ரால் 261. தாளைப் பார்த்த என் மனைவி, "எட்டு வருஷமா அதையே கட்டிக்கிட்டு அழுதீங்க, ஒட்டிக்கிச்சு" என்றாள்.

உள்ளூரப் பெருமைதான். செல்லின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதம், அங்கே கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று எப்படி அறிகிறது? அதன் இடுப்பில் ஒரு பள்ளம். கொலஸ்ட்ரால் அதில் குந்தினால் புரதம் வளைகிறது. அந்தக் கோலத்தைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டியவன் அடியேன்!

மார்ச் 9
மைக்ரோஸ்கோப் ஓட்டும் அக்கா பதிவேட்டை நிரப்பிக்கொண்டே, "சார், சவ்வுலேர்ந்து புரதத்தை எடுக்குற சோப்புல வேற என்ன கலக்குறீங்க?" என்றாள்.

"சோப்புல சோப்புதான்" என்று சிரித்தேன். சந்தேகத்துக்குப் பழைய நோட்டைப் புரட்டினேன். முதல் வருடம், என் கையெழுத்து: 'புரதம் நிற்காமல் சரிகிறது. சோப்பில் கொலஸ்ட்ராலின் பங்காளியான வேதிப்பொருள் ஒருவனைச் சேர்த்தேன். நிற்கிறது.' அடுத்த பக்கத்திலிருந்து, 'சோப்பு, வழக்கம்போல'. எட்டு வருடமும் வழக்கம்போல. கட்டுரையில் வெறும் 'சோப்பு'.

படத்தில் பள்ளத்துக்குள் இருப்பது கொலஸ்ட்ரால் அண்ணனா, பங்காளியா என்று தெரியாது. அப்படி ஒரு முகஜாடை.

மார்ச் 10
நானே கொண்டுபோய் வைத்ததை நானே கண்டுபிடித்திருக்கிறேன். அடப்பாவி.

ஏப்ரல் 14
பங்காளி இல்லாமல் நான்கு முறை புரதம் சரிந்தது. ஐந்தாம் முறை நின்றது. பள்ளம் காலி. வளைவும் இல்லை.

"நம்ம ரெண்டு பேர்தான் பார்த்திருக்கோம் சார்" என்றாள் அக்கா. ஆறுதலா, மிரட்டலா?

வீட்டில் மனைவி கேட்டாள்:
"சொல்லாம விட்டா என்ன ஆகும்?"
"ஒண்ணும் ஆகாது. அதான் பயமா இருக்கு."

ஏப்ரல் 15
இரண்டு வருடம் முன்பு வேறோர் ஆய்வகத்துப் பெண் எழுதியிருந்தாள்: 'உங்க முறைப்படியே செய்றேன். பள்ளம் காலியாவே இருக்கு சார். என் தப்பு எதுன்னு சொல்லுங்க.' வெறும் சோப்பிலேயே புரதத்தைச் சரியாமல் நிற்க வைத்திருக்கிறாள் — என்ன கை அது! நான் அனுப்பிய பதில்: 'கண்ணாடியை மாத்திப் பாரும்மா.' அதைச் சொல்லிச் சொல்லி கேன்டீனையே சிரிக்க வைத்தேன். எனக்குத்தான் எவ்வளவு நகைச்சுவை!

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். அவளுக்கும் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை மூன்று முறை அடித்து, நான்காம் முறை விட்டுவைத்தேன்.

ஏப்ரல் 22
அவளிடமிருந்து பதில்.

'ஆராய்ச்சியை விட்டுப் பதினோரு மாசம் ஆச்சு சார். கண்ணாடியை மாத்தச் சொல்லி நீங்க எழுதின அன்னிக்கே கண் டாக்டர்கிட்ட போனேன். பார்வையில ஒரு குறையும் இல்லைன்னாரு. அவர் சொன்னதை நான்தான் நம்பல.'