தொட்டியைக் கண்டால் பின்வாங்கிய மாடுகள்

அன்பு மகனுக்கு,

அந்த மலையில் உன் போன் எடுப்பதில்லை. அதனால் அப்பா சொல்லச் சொல்ல உன் மனைவி எழுதுகிறாள். நான் சௌக்கியம். இருமல்தான் என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. லைன் இழுக்க டவர் ஏறும்போது இடுப்புப் பட்டையை மறந்துவிடாதே.

போன கடிதத்தில் மாடுகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் தோட்டத்துக்கு மேலே உயர் அழுத்த லைன் வந்ததிலிருந்து இரண்டும் தண்ணீரில் வாய் வைத்ததும் தலையை உதறிக்கொண்டு பின்வாங்கின. கொழுப்பு என்று திட்டினேன். செவலைக்குப் பால் பாதியாகிவிட்டது. சினையாக இருந்த கறுப்பி போட்ட கன்றோ பூனைக்குட்டி அளவுதான். பால் வண்டிக்காரன், "எல்லாம் லைன் செய்யற வேலை. வித்துட்டுக் கெளம்புங்க பெரியவரே, அடுத்து உங்க தலைமுடிதான் எழுந்து நிக்கும்" என்றான். நிற்பதற்கு முடி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

மாட்டு டாக்டர் அம்மா வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். தகரத் தொட்டி ஆடாமல் இருக்க அதை வேலிக் கம்பியோடு இழுத்துக் கட்டியிருந்தேன் அல்லவா? அந்த வேலி லைனுக்கு அடியிலேயே நெடுக ஓடுகிறது. லைனால் வேலியில் லேசாக மின்சாரம் ஏறி, தொட்டி வழியாக ஈர வாயில் சுருக்கென்று கடித்திருக்கிறது. நமக்குச் செருப்பு இருக்கிறது, தெரியவில்லை. இப்போது கட்டை அவிழ்த்து, வேலிக்கு எர்த் போட்டாயிற்று. கறுப்பி தொட்டியை விட்டுத் தலை தூக்குவதில்லை. செவலைக்கும் பால் ஏறி வருகிறது.

அடுத்ததை எழுத மாட்டேன் என்று உன் மனைவி பேனாவை மூடினாள். எழுதும்மா என்றேன்.

டாக்டர் கிளம்பும்போது இவள் பின்னாலேயே போய், "என் வயித்துல இருக்கறதும் அந்தக் கன்னு மாதிரி சிறுத்துப் போயிடுமா?" என்று கேட்டாள். தாய் தண்ணீரும் தீனியும் எடுக்காவிட்டால் கன்று இளைக்கும், லைனே இளைக்க வைக்கும் என்று சொல்லத் தன்னிடம் ஆதாரம் இல்லை என்றார் அவர். இவளைப் பார்க்கிற டாக்டரும் பிள்ளை நன்றாக வளர்கிறது என்றே சொல்லியிருக்கிறார்.

நானும் சொல்லிப் பார்த்தேன். கறுப்பியின் தாய் இரண்டாம் ஈற்றில் போட்ட கன்றும் இதே நோஞ்சான்தான். அப்போது இந்தப் பக்கம் லைனே கிடையாது. அந்த நோஞ்சான்தான் இன்றைக்குக் கட்டுத்தறியைப் பிடுங்குகிற செவலை. "என் சமாதானத்துக்குச் சொல்றீங்க மாமா" என்கிறாள். படுக்கையை டவர் தெரியாத சாமான் அறைக்கு மாற்றிக்கொண்டாள். தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே இருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கு அதுதான் கெடுதல் என்று யார் சொல்லி அவள் கேட்பாள்?

லைன் இழுப்பது உன் தொழில். நீ வந்து, டவர் தெரிகிற உன் அறையில் படுத்து எழுந்தால் நம்புவாள்.

தம்பி, எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் சொன்னதை எழுதுகிறாளா, 'இங்கே ஒரு குறையும் இல்லை' என்று எழுதி மடிக்கிறாளா, எனக்குத் தெரியப்போவதில்லை. இந்த வரி உன் கண்ணில் பட்டால், கூப்பிடுவது நான் மட்டும் அல்ல.

மூன்று பேராக நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா
(கைநாட்டு)