மீன் தொட்டி பம்பை நிறுத்தியது யார்?

அன்புள்ள மருமகளுக்கு,

இந்த வீட்டுத் தோட்டத்தின் தலைமை அமைச்சரும் படைத்தளபதியும் சம்பளமில்லாத ஒரே ஊழியனுமாகிய உன் தாய்மாமன் எழுதுவது. இங்கு நலம். இனி நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உலகத்தில் எவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துதான் தொடங்குகிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவாய். அதனால் கடிதம்.

அடுத்த மாதம் வந்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைக் கையோடு கூட்டிப்போகிறேன் என்றாய். அப்பா போனதிலிருந்து அவள் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை, இப்படியே விட முடியாது என்றாய். மறுக்க எனக்கு வாயில்லை. சாப்பாட்டுத் தட்டை நான்தான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். "சாப்பிட்டியா அக்கா?" என்றால் "ம்". "நல்லா இருந்துச்சா?" என்றால் அதற்கும் "ம்". என் சமையலுக்கு அது பெரிய விருது என்பது வேறு விஷயம்.

தோட்டமும் அவளைப் போலவே வாடிக் கிடந்தது. தக்காளி இலையெல்லாம் மஞ்சள். ஆனால் உன் அப்பா கடைசியாகக் கூட்டிக் குவித்த இலைக்குப்பை மூலையில் மட்கி, காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. அதை வைத்து, செடிக்கு ஊற்றும் எருச்சாறான கம்போஸ்ட் டீ தயாரிக்கலானேன். பயப்படாதே, அடுப்பெல்லாம் கிடையாது. வாளியில் பிடித்த குழாய்த் தண்ணீரைக் குளோரின் வாடை போகும்வரை திறந்து வைத்து, எருவைப் பழைய தலையணை உறையில் கட்டித் தொங்கவிட்டு, கொஞ்சம் வெல்லப்பாகு ஊற்றி, மீன் தொட்டிக்குப் போடும் சின்ன பம்பால் ஒரு நாள் முழுக்கக் காற்று விட வேண்டும். எருவிலுள்ள நுண்ணுயிர்கள் வெல்லத்தைத் தின்று பெருகும். காற்று நின்றால் செத்துப்போகும். நாற்றம் குடலைப் பிடுங்கும். நன்றாக வந்தால் மழை விழுந்த மண்போல மணக்கும்.

வாளியைப் பின்பக்கம், அக்காவின் ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தேன். நிழல் அங்கேதான் இருக்கிறது. பம்பைப் போட்டதும் எழுந்த முழக்கத்தில் தெரு நாய்களெல்லாம் மரியாதையாக எழுந்து நின்றன. நுரை வாளியை விட்டுக் கிளம்பி மதில்மேல் ஏறி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மதியம் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் ஒரே நிசப்தம். யாரோ பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்!

திரும்பவும் பிளக்கைச் செருகினேன். அடுத்த வாளிக்கும் அதே கதி. அதற்கடுத்ததற்கும் அப்படியே.

என் சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டுத் தையற்காரர்மேல் பாய்ந்தது. நம் தக்காளியை அவர் பார்க்கும் பார்வை முன்பே எனக்குப் பிடிக்காது. துணிக்கு அளவெடுப்பதுபோலப் பார்ப்பார். போய் விசாரித்தேன். "உங்க சாக்கடையை நான் எதுக்குண்ணே தொடப்போறேன்? என் மூக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தார். குற்றம் செய்யாதவன் இவ்வளவு சிரிக்கமாட்டான் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். அவருடைய பூனையையும் கேட்டேன். பதில் சொல்லாமல் வாலைக் காட்டிவிட்டுப் போனது. கூட்டுச் சதி.

ஆனால் ஒன்று மட்டும் உதைத்தது. காற்று நின்றுபோன வாளி நாறவில்லை. நுரை புதிதாக நின்றது, மண்வாசனையும் வந்தது. கொடிக்கு ஊன்ற வைத்திருந்த மூங்கில் குச்சி பாதி நனைந்து சுவரில் சாய்ந்திருந்தது. பம்பை நிறுத்திவிட்டு, கையால் கலக்கிக் காப்பாற்றுகிறவன் எப்பேர்ப்பட்ட எதிரி?

வாளியைச் சுற்றிக் கோதுமை மாவைத் தூவிவிட்டுத் தூங்குவதுபோல் படுத்தேன். நடிப்பு தத்ரூபமாக அமைந்து, நிஜமாகவே தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் மாவில் செருப்புத் தடம். ஒரு கால் முழுசாகப் பதிந்திருந்தது. இன்னொன்று இழுத்துக்கொண்டு போயிருந்தது. தையற்காரருக்குக் கால் இரண்டும் திடம். இந்த வீட்டில் முழங்கால் வலியோடு காலை இழுத்து நடப்பவர் யார் என்று உனக்கே தெரியும்.

மறுநாள் சமையலறைக் கதவிடுக்கில் ஒளிந்து நின்றேன். உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூங்கில் குச்சியால் கலக்கினாள். நிறுத்தவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வெளியே வாடா, உன் தொப்பை கதவுக்குப் பின்னால அடங்கல."

ஏன் அக்கா என்று கேட்டேன்.

"அந்த மெஷின் மாதிரியே கேக்குதுடா. ஓடினாலும் தாங்க முடியல, நின்னாலும் தாங்க முடியல. அதான் நானே கலக்குறேன்."

உன் அப்பாவின் தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷினின் தண்ணீர் பாட்டில் எப்படிக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். கடைசி மூச்சுக்குப் பிறகு அதை நிறுத்தியதும் அவள்தான். அதே சத்தத்தை அதே ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தது நான். உலகம் வியக்கும் இந்த மூளைக்கு அது எட்டவில்லை.

பம்பைத் தையற்காரருக்கே கொடுத்துவிட்டேன், சந்தேகப்பட்டதற்கு அபராதமாக. "மீனே இல்லாத வீட்டுக்கு பம்ப் எதுக்குண்ணே?" என்றார், ஆனால் வாங்கிக்கொண்டார். ஆரம்பத்திலிருந்தே அவர் கண் அதன்மேல்தான் இருந்தது என்று இப்போது புதிதாக ஒரு சந்தேகம்.

இப்போது வாளி அக்காவின் பொறுப்பு. வெல்லத்தை அள்ளிக் கொட்டாதே, எறும்பு வரும் என்று என்னைத் திட்டுகிறாள். முழுசாக ஒரு வாக்கியம், அதுவும் திட்டு! தக்காளி ஒவ்வொன்றும் பூசணி அளவு. அவரைக்கொடி மொட்டைமாடிக்கு ஏறி, தபால்காரரின் சைக்கிளை மேலே தூக்கிக்கொண்டது, பேச்சுவார்த்தை நடக்கிறது.

சரி, அந்த வரிகளை அடித்துவிடு. தக்காளி கோலிக்குண்டு அளவுதான். கொடி ஜன்னல் கம்பியைக்கூடத் தொடவில்லை. நாய்கள் எழவில்லை, நுரை ஊர் சுற்றவில்லை. எல்லாம் பொய். உன் அம்மா தானாக வெளியே வந்து வாளியருகே உட்கார்ந்ததும், நேற்று "அவர் சேர்த்த எரு இன்னும் மிச்சம் இருக்காடா?" என்று கேட்டதும் மட்டும் நிஜம்.

கொஞ்சம் இருக்கிறது. புதுக் குவியலுக்கும் இலை கூட்டச் சொல்லியிருக்கிறாள்.

நீ நல்லபடியாக வா, தாயே. நூறாண்டு இரு. பூட்டு மட்டும் கொண்டுவராதே. வாசலில் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது, பின்பக்கமாக வா.

என்றும் உன்,
தாய்மாமன்