அதல்ல என்றொரு ஊர்

வெங்கடேஸ்வரா லேஅவுட்,
ஹெப்பகோடி, பெங்களூர்.
மார்ச் 1998

அன்புள்ள வித்யாவுக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் அம்மாவின் ஆசிகள். நான் இங்கே சுகம். கடிதத்தில் எழுத வேண்டுமே என்பதற்காக எழுதவில்லை, நிஜமாகவே சுகமாகத்தான் இருக்கிறேன். நீதான் நம்ப மாட்டேன் என்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதற்கு இதுதான் பதில். போனில் நீ அழுகிறாய், நான் அதட்டுகிறேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே இருவரும் வைத்துவிடுகிறோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் சேர்த்துவைத்தே ரிட்டயர் ஆனவளுக்கு, பெற்ற மகளோடு பேச ஏர்மெயில் தாள் வேண்டியிருக்கிறது. உன் அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்திருப்பார்.

வீட்டை விற்றுவிட்டு டல்லஸுக்கு வந்துவிடு என்கிறாய். அப்பாவுக்கு வராத ஆம்புலன்ஸ் உனக்கு மட்டும் வந்துவிடுமா என்று கேட்கிறாய். அந்த லேஅவுட்டில் இனிமேல் கால் வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாய். நடந்ததை நீ துக்க வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் கேட்டாயே தவிர, நான் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் சாய்ந்ததும் நான் பதறி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஹெப்பகோடி வெங்கடேஸ்வரா லேஅவுட் என்று எக்ஸ்சேஞ்சில் பேசுகிற மாதிரி தெளிவாகச் சொன்னேன். எடுத்தவர் திருப்பியும் சொன்னார். வண்டியும் உடனே கிளம்பியது. ஆனால் டிரைவருக்குத் தெரிந்த வெங்கடேஸ்வரா லேஅவுட் அத்திபெலே பக்கத்தில் இருப்பது. அங்கே போய்ச் சுற்றிவிட்டு, யாரோ கைகாட்டினார்கள் என்று சந்தாபுரத்தை ஒட்டி இருக்கும் இன்னொரு வெங்கடேஸ்வரா லேஅவுட்டுக்குப் போய், அதற்கும் பிறகுதான் நம் வாசலுக்கு வந்தது. வந்தபோது அதற்கு வேலை இல்லை. டிரைவர் அழுதுகொண்டே நின்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஓசூர் ரோடு நெடுக நிலத்தை பிளாட் போட்டவர்கள் அத்தனை பேரும் ஒரே சாமியைக் கும்பிட்டால் அவர் என்ன செய்வார்?

ட்ரங்க் கால் காலத்தில் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஜோலார்பேட்டை, உளுந்தூர்பேட்டை, நாட்றம்பள்ளி என்று ஒருவர் கேட்டால் எங்களுக்குப் பிள்ளையார் கோயில் கொழுக்கட்டை கிடைத்த மாதிரி. அந்தப் பெயரில் வேறு ஊர் கிடையாது, மறுகேள்வி இல்லாமல் லைன் போட்டுவிடலாம். ராமபுரம் என்றாலோ போச்சு. எந்த ராமபுரம், எந்த ஜில்லா, பக்கத்தில் எந்த ரயில் ஸ்டேஷன் என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிவிடும். இது தெரிந்த நானே இந்தப் பெயருள்ள இடத்தில் வீடு கட்டச் சம்மதித்தேன். அப்போது கிழக்குப் பார்த்த மனையா என்றுதான் பார்த்தோம், பெயரை யார் பார்த்தார்கள்?

போன வாரம் வளைகாப்புச் சீர்த்தட்டுகளோடு ஒரு வேன் நிறையப் பெண்கள் நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தேடி வந்தது சந்தாபுரத்து லேஅவுட். எல்லோருக்கும் காபி கொடுத்து, வழி சொல்லி அனுப்பினேன். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. மறுநாளே ஜீவனஹள்ளியிலிருந்து கோவிந்தராஜன் என்ற பெயிண்டரை வரவழைத்தேன்.

மெயின் ரோட்டிலிருந்து நம் பக்கம் திரும்பும் முனையில் ஒரு தகரப் பலகை வைக்க ஏற்பாடு. அத்திபெலே லேஅவுட் இதல்ல, சந்தாபுரத்து லேஅவுட்டும் இதல்ல, நீங்கள் தேடி வந்தது அதுவானால் தயவுசெய்து திரும்பிப் போகவும் என்று விவரமாகத் தமிழில் சொல்லி, கன்னடத்தில் எழுதச் சொன்னேன். பஸ்ல போறவன் இவ்ளோ படிப்பானாம்மா, படிச்சு முடிக்கிறதுக்குள்ள அத்திபெலேயே வந்துடும் என்றார் கோவிந்தராஜன். 'அதல்ல' என்ற ஒரே வார்த்தையைப் பலகை முழுவதும் சிவப்பில் எழுதிவிட்டு, மீதியை அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டார். எனக்குத் திருப்தி இல்லை. ஆனாலும் தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிகிறது.

வீட்டை விற்பதைப் பற்றி அவசரப்படுத்தாதே. உன் இருமல் இன்னும் போகவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. மிளகை நெய்யில் வறுத்துப் பொடித்துச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
அம்மா

•

வெங்கடேஸ்வரா லேஅவுட் (இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை),
ஹெப்பகோடி, பெங்களூர்.
ஆகஸ்ட் 1998

அன்புள்ள வித்யாவுக்கு,

இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் சாவை போர்டில் எழுதி ரோட்டில் மாட்டியிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அன்று நான் சமைக்கவில்லை. கோபம்தான். பிறகு யோசித்தபோது, நீ சொன்னதில் தப்பில்லை என்று பட்டது. ஆமாம், அதைத்தான் எழுதி மாட்டியிருக்கிறேன். வேறு எதற்காக மாட்டுவேன்?

இங்கே நடக்கும் கூத்தைக் கேள். பலகை வைத்துச் சில வாரம் ஆகியிருக்கும். மார்க்கெட்டிலிருந்து அத்திபெலே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நம் முனை வந்ததும் கண்டக்டர், அதல்லா யாரு, இளீரி, அதல்லா, பேக பேக என்று சீக்கிரம் இறங்கச் சொல்லிக் கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னப்பா இது என்று கேட்டால், ஏன் மேடம், அதானே ஸ்டாப்பு பேரு, போர்டு போட்டிருக்காங்களே என்கிறார். பொடி எழுத்தை ஓடும் பஸ்ஸிலிருந்து எவர் படித்தார்? இப்போது ஆட்டோக்காரர், காய்கறி வண்டிக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் எல்லோருக்கும் நாம் இருக்கும் இடம் அதல்ல. இதில் இன்னொரு வசதி. கன்னடத்திலும் தமிழிலும் வார்த்தையும் ஒன்றுதான், அர்த்தமும் ஒன்றுதான். இந்த ஊரில் பெயருக்காக நடக்கும் சண்டைகளை நினைத்தால் அது சாதாரண விஷயமில்லை.

நம் அசோசியேஷன் தலைவர் சீனிவாசராகவனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. விதான சௌதாவில் அண்டர் செக்ரட்டரியாக இருந்தவர், ஃபைலில் இல்லாத பெயரை ஒப்புக்கொள்வாரா? கூட்டம் போட்டார். ஒரு ஊருடைய பெயரிலேயே 'அல்ல' என்று இருந்தால் அபசகுனம், பெண் கொடுப்பார்களா, மனை விலை போகுமா என்று பொரிந்து தள்ளினார். போர்டை எடுத்துவிட்டு நியூ வெங்கடேஸ்வரா லேஅவுட் என்று வைக்க வேண்டுமாம். அப்படியானால் டிரைவர்கள் பழையதற்கு ஒரு தடவை, புதியதற்கு ஒரு தடவை போய்விட்டு வரட்டும் என்றேன். ஓஸ்வால்ட் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த தெருவில் இருக்கிறார், காக்ஸ் டவுனை விட்டு இங்கே வந்தவர். அவர் மனைவி பிரிஜெட்தான் எனக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தனுப்புபவள்.

விநாயகா நகர், சாய் என்க்ளேவ், லட்சுமி கார்டன் என்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொன்னார்கள். நான் அங்கிருந்தே எழுந்து வீட்டுக்கு வந்து எக்ஸ்சேஞ்சில் என் பழைய சிநேகிதிக்குப் போன் போட்டேன். விநாயகா நகர் என்றதுமே அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பெங்களூருக்குள் மட்டும் எத்தனை வேண்டும் என்று கேட்டாள். அதல்ல என்று எங்கேயாவது இருக்கிறதா பார் என்றேன். பைத்தியமா உனக்கு, அப்படி யாராவது பெயர் வைப்பார்களா என்றாள். திரும்பிப் போய் அதையே கூட்டத்தில் சொன்னேன். யாரும் வைக்க மாட்டார்கள், அதனால்தான் அது நமக்கு வேண்டும் என்றேன்.

அடுத்த வாரம் பலகை காணாமல் போய்விட்டது. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், சண்டைக்குப் போகவில்லை. போகவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. பலகை போன பிறகும் கண்டக்டர்கள் அதல்லா என்றுதான் கத்துகிறார்கள். சீனிவாசராகவன் கார் பழுதாகி ஒரு நாள் பஸ்ஸில் வந்தார். வெங்கடேஸ்வரா லேஅவுட்டுக்கு டிக்கெட் கேட்டிருக்கிறார். யாவுதுரி, அத்திபெலேயா, சந்தாபுராவா என்று கண்டக்டர் கேட்க, பின்னால் உட்கார்ந்திருந்த என் காதில் விழாதபடி குனிந்துகொண்டு, அதல்லா என்று சொல்லி டிக்கெட் வாங்கினார். எனக்கு நன்றாகவே கேட்டது.

மாப்பிள்ளையின் சிநேகிதர் வீட்டை விலைக்குப் பார்க்க வந்தார். நல்ல பையன். எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாமரத்தை வெட்ட மாட்டேன் என்று அவராகவே சொன்னார். பொங்கல் கழித்துப் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வித்யா, எனக்குப் பயமே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் மார்பு குத்தினாலும் வாயுவா வேறெதாவதா என்று அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். இந்தப் பெயர் பஸ்காரர்களின் வாயோடு நின்றுவிடுகிறதா, ஆஸ்பத்திரிக்காரர் காது வரைக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் நீ சொல்கிறபடி விற்றுவிட்டு வருகிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அம்மாவின் அன்பு,
பாமா

•

அதல்ல,
ஹெப்பகோடி, பெங்களூர்.
பிப்ரவரி 1999

என் கண்ணே வித்யா,

மேலே எழுதியிருக்கும் விலாசத்தைப் பார்த்துப் பயப்படாதே. கைதவறி எழுதியதில்லை. சீனிவாசராகவன் பையனுக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் வரவேற்பு நடக்கும் இடம் 'அதல்ல, ஓசூர் ரோடு' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார். சம்பந்தி வீட்டார் வழி தெரியாமல் அத்திபெலேயில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கவலையாம். பெண் கொடுப்பார்களா என்று கேட்டவருக்கு மருமகளே வந்துவிட்டாள்.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை மதியம் ஓஸ்வால்ட் செருப்புக்கூட இல்லாமல் நம் வீட்டுக்கு ஓடி வந்தார். பிரிஜெட் துணி உலர்த்தும்போது மாடியிலேயே விழுந்துவிட்டாளாம், பேச்சு இல்லை, வேர்த்துக் கொட்டுகிறது. அவர் வீட்டு போனில் டயல் செய்யப் பார்த்திருக்கிறார், பதற்றத்தில் இரண்டு தடவையும் தப்பான நம்பர். பாமாம்மா, நீங்க பேசுங்க, என்னால முடியல என்றார்.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போன் செய்தேன். எனக்கு வேறு நம்பர் மனப்பாடம் இல்லை. ஒரு பெண் எடுத்தாள். எங்கே என்று கேட்டாள். ஹெப்பகோடி பக்கத்தில் என்று தொடங்கி, பெரிதாக விளக்கம் சொல்ல மூச்சை இழுத்தேன். அதற்குள் வாய் தானாகவே அதல்ல என்று சொல்லிவிட்டது. அதல்லவா, சரி மேடம், முனையில் யாரையாவது நிற்க வையுங்கள் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். மறுகேள்வி இல்லை, வித்யா. எந்த ஜில்லா, எந்த ஸ்டேஷன் எதுவுமே இல்லை.

முனையில் நான்தான் போய் நின்றேன். வண்டி நேராக வந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே திரும்பியது. பிரிஜெட்டைத் தூக்கிப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். நேற்று ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களாலதான்மா என்று அழுதாள். நான் போன் செய்தேன், அவ்வளவுதான் என்றேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வண்டி போன பிறகு நான் அந்த முனையிலேயே கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. ஆத்திரம், வயிற்றெரிச்சல். இத்தனை சுலபமாக வரக்கூடிய வண்டி அன்றைக்கு ஏன் வரவில்லை, ஒரு பெயர் இல்லாத குறைக்கா என் மனிதரைக் கொடுத்தேன் என்று. பிரிஜெட் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, அவள் மேலே பொறாமையும் பட்டேன். அந்த வழியாகப் போன ஆட்டோக்காரர் நிறுத்தி, ஏனாயித்தம்மா, என்ன ஆச்சு, வீட்டுக்குக் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். ஏறி உட்கார்ந்தேன். எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. இரவு அப்பா படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போதுதான் மனம் கொஞ்சம் அடங்கியது. உங்களுக்கு வரவில்லை, ஆனால் இனிமேல் வழி தப்பாது என்று அவரிடம் சொன்னேன்.

வீடு கேட்டு வந்த அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, வீடு விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஏமாற்றம்தான். இந்த லேஅவுட்டிலேயே வேறு மனை இருந்தால் சொல்லுங்கள் ஆன்ட்டி என்றார். மாப்பிள்ளையிடம் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். டல்லஸுக்கு நான் வருகிறேன், பேரப்பிள்ளை பிறக்கும்போது வந்து ஆறு மாதம் இருந்து உன்னை எல்லா விதத்திலும் படுத்திவைக்கிறேன். ஆனால் திரும்பி இங்கேதான் வருவேன். இந்த இடத்துக்கு அப்பாவைக் கொடுத்திருக்கிறேன். அதை இன்னொருவர் கையில் சாவியாகக் கொடுக்க என்னால் முடியாது.

கால் வைக்க மாட்டேன் என்று நீ சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவை வழியனுப்ப வந்தவள் வாசலைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது என்றாய். எனக்கு அந்த வாசலைத் தினமும் பெருக்கிக் கோலம் போட வேண்டியிருக்கிறது, அதனால் பழகிவிட்டது. உனக்குப் பழக யாரும் சந்தர்ப்பம் தரவில்லை. நீ வந்தால் முனையில் நான் நிற்பேன், சேர்ந்து உள்ளே போகலாம். அழுகை வந்தால் அழு, இந்தத் தடவை அதட்ட மாட்டேன்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல் இருங்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கென்று ஒரு நாள் வண்டி தேவைப்பட்டால் அது நேராக வந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முன்னால் நீ வந்துவிடு.

உன் அம்மா,
பாமா ஸ்ரீகண்டன்