சத்தமில்லாத பெட்டி

“எவ்வளவு அமைதி வேண்டும்?” என்று சிட்னியில், பரமட்டாக் கடையில் நின்ற பெண் இன்று என்னைக் கேட்டாள். தொலைக்காட்சிக்குக் கீழே வைக்க ஒரு சின்னக் கணினி, படங்கள் ஓடினால் போதும், சத்தம் மட்டும் போடக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். நியாயமான கேள்விதான். வீடு ஏற்கெனவே அமைதியாகத்தான் கிடக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் பழைய கணினிப் பெட்டி போன கிழமை நின்றுவிட்டது. விசிறி இரண்டு தரம் இழுத்துச் சுற்றி ஓய்ந்தது. பிறகு சூடேறிய தூசியின் மணம் அறை முழுவதும் பரவியது. எங்கள் டூங்கபியில் வெயில் ஏறும் ஒவ்வொரு கோடையிலும் நீங்கள் அதன் மூடியைக் கழற்றிப் பின்வளவுக்குக் கொண்டுபோய், பெயின்ற் தூரிகையால் தூசி தட்டுவீர்கள். போட்டிருக்கும் சேட்டெல்லாம் அந்த மணத்தோடு உள்ளே வருவீர்கள். போன கோடையில் யாரும் தட்டவில்லை.

“டிவியிலேயே எல்லாம் வருதுதானே அம்மா, இன்னொரு கொம்பியூட்டர் என்னத்துக்கு?” என்று மகள் கேட்டாள். அவள் சொல்வது சரி. ஆனால் நாங்கள் எடுத்த வீடியோக்கள் எல்லாம் உங்கள் டிஸ்கில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்தவர் நீங்கள். கமெராவுக்குப் பின்னால் நிற்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது உங்கள் கொள்கை. தொலைபேசியிலும் ‘ஓம்’, ‘வாறன்’, ‘பால் வாங்கவோ’ என்று எழுத்தில்தான் பதில் போடுவீர்கள். ஒரு வருடமாக அந்த வீடியோக்களில் உங்கள் குரலைத் தேடியிருக்கிறேன். மகளின் பிறந்தநாள் ஒன்றில், கேக் வெட்டுமிடத்தில், நீங்கள் மூக்கால் மூச்சுவிடுவது கேட்கிறது. கிடைத்தது அவ்வளவுதான்.

உங்கள் அம்மா, என் மாமி, யாழ்ப்பாணத்தில் இறந்தபோது விமானங்கள் பறக்கவில்லை. செத்தவீட்டை இந்தப் பெட்டியில்தான் பார்த்தீர்கள். டிவிக்கு மேலே ஒரு சின்னக் கமெராவை ஒட்டி, கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தீர்கள். ரொறன்ரோ, லண்டன் சனமெல்லாம் அதே திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்தார்கள். நல்ல வெயில். பெட்டி சூடேறி இரைந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்றேன். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் அக்கம்பக்கத்துப் பென்டில் ஹில்லில் இருந்தும் கிரவீனில் இருந்தும் சாப்பாடு வந்தபடி இருந்தது. யாரும் உள்ளே வரக்கூடாத கொரோனாக் காலம். பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு, முகக்கவசத்தோடு தள்ளி நின்று அழுதார்கள். நான் திரும்பி உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீங்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

“இந்தப் பெட்டியை முதல்ல மாத்தவேணும்,” என்றீர்கள்.

இரைச்சலில் தேவாரம் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் லண்டன் மச்சான் பிறகு அந்த அழைப்பின் பதிவை எல்லோருக்கும் அனுப்பினார். நீங்கள் அதை டிஸ்கில் போட்டுவைத்தீர்கள், திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு தொடங்கியது உங்கள் தேடல். விசிறியே இல்லாத கணினிகள், உலோக உடம்பில் செதில் செதிலாக வைத்துச் சூட்டை வெளியே விடுபவை, சுழலும் டிஸ்க் இல்லாதவை என்று சாப்பாட்டு மேசையிலும் அதே கதை. சனிக்கிழமைகளில் கடைக்குப் போய், காட்சிக்கு வைத்த பெட்டியில் குனிந்து காதை வைப்பீர்கள். நான் இரண்டு தட்டுத் தள்ளி, உங்களைத் தெரியாதவள் போல நிற்பேன்.

“இஞ்சேரும், இது மூச்சு விடுற சத்தத்திலயும் குறைவாம்.”

“ஆர் சொன்னது?”

“பெட்டியில போட்டிருக்கு.”

“எவ்வளவு தூரத்தில வைச்சு அளந்தவையாம்?”

“கடைக்காரன் உம்மைக் கண்டால் கடையைப் பூட்டிப்போடுவான்,” என்று சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரித் தரவுகளோடு வேலை செய்பவள் நான். எழுதியிருப்பதை அப்படியே நம்பிப் பழக்கமில்லை.

ஆனால் நீங்களும் வாங்கவில்லை. ஒன்றில் பழைய வீடியோக்கள் ஓடாது, ஒன்று விலை, ஒன்றுக்கு அடுத்த வருடம் இதைவிட நல்லது வரும். தேடிக்கொண்டிருக்கும் வரை மாமியைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்று நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அடுத்த செத்தவீட்டுக்காவது பெட்டி சரியாக இருக்க வேண்டும் என்று ஒருமுறை சொன்னீர்கள். அடுத்தது உங்களுடையது. மண்டபத்துக்காரர்களே ஒளிபரப்பினார்கள். ஐயர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டதாக யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் தம்பி சொன்னார்.

இன்று செதில் வைத்த பெட்டி ஒன்றை எடுத்தேன். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியளவுதான். பணம் கொடுக்கும் முன், நானும் குனிந்து காதை வைத்தேன். கடையில் ஓடிய பாட்டுத்தான் கேட்டது. அந்தப் பெண் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தாள்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் மகள் டிஸ்கில் இருந்தவற்றையெல்லாம் புதிய பெட்டிக்கு மாற்றித் தந்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். எதைப் போட்டுச் சோதிப்பது என்று யோசித்தேன். இத்தனைக்கும் காரணம் மாமியின் செத்தவீடுதானே, அந்தத் தேவாரம் கேட்டால் பெட்டி நல்லது என்று அதைப் போட்டேன்.

கேட்டது. தேவாரம், யாரோ செருமுவது, முற்றத்துக் காகம்கூடக் கேட்டது. திடீரென்று பெரிய இரைச்சல். எனக்கு வந்தது கோபம்தான். எழுதியிருந்ததை நம்பி வாங்கிவிட்டேனே என்று குனிந்து பெட்டியில் காதை வைத்தேன். அது இளஞ்சூடாக, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. இரைச்சல் ஸ்பீக்கரில் இருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். திரையின் மூலையில், எங்கள் கதிரையில், நீங்கள். மைக்கைத் திறந்திருந்தீர்கள். உங்கள் பக்கத்தில் பழைய பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

“ஆரப்பா அது, ஹெலிகொப்ரர் ஓட்டுறது?” இது ரொறன்ரோச் சித்தி.

“தம்பி, நான் அண்ணா.” உங்கள் குரல். கத்திச் சொல்கிறீர்கள். “போனை அம்மான்ர காதடிக்குக் கொண்டு போ. ஒருக்காச் சொல்லிப்போட்டு விடுறன்.”

“ஒண்டும் விளங்கேல்லை அண்ணா! ஒரே இரைச்சல்!”

“அம்மான்ர காதடிக்கு...”

“சிட்னி, மைக்கை நிப்பாட்டுங்கோ, ஐயர் சொல்லுறது கேக்கேல்லை,” என்றார் லண்டன் மச்சான். “சரி, நானே நிப்பாட்டிவிடுறன்.”

இரைச்சல் நின்றது. அதன் பிறகும் உங்கள் உதடுகள் அசைந்தன. நிறுத்தப்பட்டது உங்களுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஏதோ சொன்னீர்கள், கையெடுத்துக் கும்பிட்டீர்கள். உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவள் அல்ல நான். ‘போட்டு வாங்கோ அம்மா’ என்றிருக்கலாம். உறுதியாகச் சொல்ல மாட்டேன். தேவாரத்தைக் கேட்பதற்காக நீங்கள் அமைதியைத் தேடவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

நான் மறுபடியும் பின்னால் ஓட்டினேன். இரைச்சல் வந்ததும் மகளின் அறைக்கதவு திறந்தது.

“அம்மா, புதுசும் நொய்ஸியா இருக்கே. ரிட்டேர்ன் பண்ணுவமா?”

“இல்லை, இஞ்ச வா,” என்றேன். “அப்பா கதைக்கிறார்.”

அவள் வந்து தரையில் இருந்தாள். இரைச்சல் தொடங்கும் இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய், சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.